மூலையில் வைத்த மஞ்சள்

கிள்ளானில் நான் வேலை செய்யும் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் நோயாளிகள் மேல் இன்று விரிக்கப்படும் துணிகள் என் அக்கா தைத்தவை. இதைச் சொல்லும்போது என் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது என்று வீட்டில் கேலி செய்வார்கள். உயரட்டுமே, அதற்கென்ன? பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் சேலை ரவிக்கை தைக்கிற ஒருத்தியின் தையல், அறுவைக் கத்திக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எனக்கு அதில் பெருமை. கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

நான் அந்தத் தியேட்டரின் பொறுப்பு சிஸ்டர். எந்த அறுவைக்கு என்ன கருவி, எத்தனை துணி, யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் என் தலையில்தான். கோபக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். சின்ன நர்ஸ்கள் காலையில் கதவுக்கு வெளியே நின்று, "இன்னிக்கு சிஸ்டர் மூடு எப்பிடி லா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். தியேட்டர் சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் ஒருத்தியாவது கத்தத்தான் வேண்டும். அந்த ஒருத்தி நானாக இருந்துவிட்டுப் போகிறேன்.

துணி விஷயம் என் மண்டைக்குள் ஏறியது ஒரு வெள்ளத்துக்குப் பிறகு. எங்கள் வீடு கிள்ளானில் தாழ்வான ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறது. முன்பெல்லாம் பெரிய மழை பெய்தால் வாசல் கால்வாய் நிரம்பும், அவ்வளவுதான். இப்போது மழைக்கு மாதமும் இல்லை, மரியாதையும் இல்லை. ஒரு முறை கூடத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. "இந்த மாதிரி ஆயுசுல ஒரு தடவதான் வரும்" என்று பக்கத்து வீட்டு அங்கிள் ஆறுதல் சொன்னார். அவர் சொன்ன ஆயுசு ரொம்பச் சின்னதாகப் போயிற்று, வெள்ளம் திரும்பவும் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு தெரு முழுக்க மெத்தை, அலமாரி, ஊறிப்போன அரிசி மூட்டை, பள்ளிப் பைகள். லோரி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. என் கல்யாணப் புடவையும் அதில்தான் போனது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வீட்டைக் கழுவி முடித்து வேலைக்குத் திரும்பிய அன்று, முதல் அறுவை முடிந்ததும் தியேட்டரைக் காலி செய்தோம். நோயாளி மேல் விரித்திருந்த நீல நிற விரிப்புகள், கருவிகளைச் சுற்றி வந்த உறைகள், டாக்டர்கள் போட்டிருந்த மேலங்கிகள். பார்க்கத் துணி போல இருக்கும், ஆனால் அத்தனையும் பிளாஸ்டிக் இழை. ஒரே ஒரு முறை, ஒரு மணி நேரம், அவ்வளவுதான் அவற்றின் உபயோகம். பிறகு மஞ்சள் பைகளில் அடைத்துக் கட்டினால் அவையும் லோரியில் ஏறி, எரிக்கிற இடத்துக்குப் போய்விடும். வருஷக்கணக்கில் என் கையாலேயே கட்டிய பைகள்தான். அன்றைக்கு அவற்றைப் பார்த்தபோது பகீரென்றது. என் தெருவில் கிடந்ததாவது வெள்ளம் போட்ட குப்பை. இது நாங்களே காலையில் கையைக் கழுவிக்கொண்டு வந்து போட்ட குப்பை. இதை எரித்த புகையும் மேலே போய்த்தானே என் வீட்டு மழையாக இறங்குகிறது என்று ஆத்திரமாக வந்தது.

எங்கள் மயக்க மருந்து டாக்டர் ஒரு சீனப் பெண். அதிகம் பேச மாட்டார். நோயாளியைத் தூங்க வைக்கிற வாயுக்களில் ஒன்று, குழாய் வழியாக வெளியே போய் வானத்தில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று சொல்லி, அதை ஏற்கெனவே சத்தமில்லாமல் நிறுத்தியிருந்தார். அவரிடம் என் ஆத்திரத்தைக் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாயு என் வேலை, துணி உங்கள் வேலை என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவர் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டுச் சொல்கிறார், நான் வாயால் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். சரி, பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன்.

துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தக்கூடிய துணி இப்போது நல்லதாகவே வருகிறது. மிக நெருக்கமாக நெய்தது, மேலே தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடும், உள்ளே இறங்காது. மருத்துவமனையின் தொற்றுத் தடுப்பு டாக்டரிடம் போய் நின்றேன். மலாய்க்கார அம்மா, சிரித்த முகம், ஆனால் சட்டம் என்றால் சட்டம். நான் கொண்டுபோன துணித் துண்டைக் குழாயில் பிடித்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில், ஒரு தியேட்டரில் ஒரு நாள் முயன்று பாருங்கள் என்றார். ஒரே ஒரு புகார் வந்தாலும் மறுபடியும் பிளாஸ்டிக்தான், அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்றும் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் தியேட்டரைத் தலைகீழாக நின்று பெருக்கு என்றாலும் ஆட்டியிருப்பேன்.

தைத்த விரிப்புகள் வெளிநாட்டிலிருந்து வந்துசேர மாதங்கள் ஆகும் என்றார்கள். துணி மட்டும் சுருளாக இங்கேயே கிடைத்தது. "தைக்க ஆள்?" என்று டாக்டர் அம்மா கேட்டபோது, என் அக்கா இருக்கிறாள் என்றேன். நன்றாகத் தைப்பார்களா என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! பாதி பிரிக்ஃபீல்ட்ஸ் அவள் தைத்த ரவிக்கையோடுதான் கல்யாண மேடை ஏறுகிறது. அதை எப்படி மலாயில் சொல்வது என்று தெரியாமல், "நல்லாவே தைப்பாங்க" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அக்காவின் கடை மாடியில். கீழே பூக்கடை, அதனால் படியேறும்போதே மல்லிகை வாசனை வரும். துணிச் சுருளைத் தூக்கிக்கொண்டு நான் மூச்சிரைக்கப் போய் நின்றேன். அவள் ஒரு ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தாள்.

"என்னடி இது, குடைத் துணி மாதிரி இருக்கு?"

"ஆபரேஷனுக்குக்கா. நாலு ஓரமும் மடிச்சுத் தைக்கணும். நடுவுல ஊசி படவே கூடாது. ஊசி போன ஓட்டை வழியா கிருமி போயிரும்."

"ஏண்டி, எனக்கு எங்க ஊசி குத்தணும்னு நீ சொல்லித் தரியா?"

சொன்னாளே தவிர, முகமெல்லாம் பல். அன்றைக்கே ரவிக்கை வேலையை ஓரம் கட்டிவிட்டாள். மேசையைத் துடைத்து, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "இது கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு, ஆபரேஷன் பண்றப்போ மேல போடுறது. தொடாதீங்க" என்று விரட்டினாளாம். அவளுக்கும் பெருமை எங்கள் குடும்ப வியாதிதான்.

நிஜமான வியாதி ஒன்றும் அவளுக்கு இருந்தது. பித்தப்பையில் கல். பொரித்ததைத் தின்றால் வலது விலாவுக்குக் கீழே வலி வந்து சுருண்டுவிடுவாள். எங்கள் சர்ஜனிடம்தான் கூட்டிப்போய்க் காட்டினேன். பையோடு எடுத்துவிடலாம், சின்ன ஓட்டைகள்தான், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வந்து, தீபாவளி முடியட்டும் என்றாள். பிறகு தைப்பூசம் முடியட்டும் என்றாள். பிறகு கல்யாண மாதம் வந்துவிட்டது. பயம் என்று மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். நான் விடாமல் நச்சரித்தால், "உங்க ஆஸ்பத்திரிக்குத் துணி தைச்சுக் குடுக்கிறேன்ல, போதாதா? உடம்பையும் குடுக்கணுமா?" என்பாள்.

தைத்த துணிகள் கட்டுக்கட்டாக வந்தன. வெளிர் பச்சை நிறம். ஓரத் தையல் நூல் பிடித்தது போல நேராக ஓடியது. நான் ஒன்றைப் பிரித்து நடுவில் ஊசி பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படவில்லை. அந்த மகிழ்ச்சியில் மூலைகளைப் பார்க்கத் தோன்றவே இல்லை. நேராகச் சலவைப் பகுதிக்கு அனுப்பினேன். துவைத்து, மடித்து, கட்டி, நீராவியில் கிருமி நீக்கி, அடுக்கில் ஏற்றியாயிற்று.

முயற்சி நாள் வந்தது. முதல் நோயாளி குடலிறக்கத்துக்காக வந்த ஓர் அங்கிள். அவரைத் தூங்க வைத்து, வயிற்றில் மருந்து தடவி முடித்தார்கள். சர்ஜன் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். அவரும் தமிழர்தான், என்னைப் போலவே கோபக்காரர். இத்தனை வருஷமாக நாங்கள் ஒரே அறையில் உயிரோடு இருப்பது பெரிய விஷயம். நான் துணிக்கட்டைப் பிரித்து முதல் விரிப்பை உதறினேன்.

ஒரு மூலையில் பொட்டு அளவுக்கு ஒரு கறை. செம்மண் நிறத்தில், காய்ந்த மாதிரி.

"சிஸ்டர், இது என்ன?"

மூலையை விளக்குக்கு நேராகப் பிடித்தேன்.

"யாரோட ரத்தம் இது?"

"டாக்டர், இது புதுத் துணி. இன்னும் யார் மேலயும் படலே."

"அப்போ அது என்ன, குங்குமமா?"

தூங்குகிற மனிதரை மேசையில் வைத்துக்கொண்டு வாதாட நான் பைத்தியக்காரி இல்லை. துணியைத் தூக்கி ஓரமாகப் போட்டேன், கையுறையை மாற்றினேன், பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவரச் சொன்னேன். அறுவை நல்லபடியாக முடிந்தது, அங்கிள் கண் விழித்துத் தேத்தண்ணி கேட்டார். என் முயற்சி மட்டும் முதல் கட்டோடு செத்துப்போனது. மத்தியானத்துக்குள் கேன்டீன் வரைக்கும் செய்தி போய்விட்டது. 'ரத்தக்கறைத் துணி' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது.

கதவைச் சாத்திக்கொண்டு மீதிக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எல்லாவற்றிலும் கறை. எல்லாவற்றிலும் ஒரே மூலையில், ஒரே அளவில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரத்தம் இப்படி முறை வைத்துச் சிந்தாது. புதுத் துணிக்கு மூலையில் என்ன வைப்போம்? தீபாவளிச் சட்டைக்கு, கல்யாணப் புடவைக்கு, பிறந்த குழந்தையின் முதல் சட்டைக்கு? மஞ்சள்!

ஆனால் இது சிவப்பாக இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஆரத்தி கரைத்ததே இல்லையா நான்? மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் சட்டென்று சிவக்குமே. எங்கள் சலவைப் பகுதியில் போடுகிற சோப்பும் காரம்தான். சுண்ணாம்பு செய்த வேலையை அது செய்திருக்கிறது. உடனே பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, விரிப்புக்கு மஞ்சள் வெச்சியா?"

"வைக்காம?"

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். சாமி கும்பிட்டுட்டு ஒவ்வொன்னுக்கும் வெச்சேன். ஏண்டி?"

நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் யாரோ எதையோ கீழே போட்டார்கள். அறிவிருக்கா உனக்கு, இது ஆபரேஷன் தியேட்டர், உன் கல்யாண மண்டபம் இல்லை, என் மானம் போச்சு, எல்லாரும் ரத்தம் என்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் திட்டினேன். நான் ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"புதுத் துணிடி அது. ஒரு ஆளு மேல போடப் போறே. அதுவும் வயித்தக் கிழிக்கிறதுக்கு முன்னாடி போடப் போறே. மஞ்சள் வைக்காம எப்பிடிடி குடுக்க மனசு வரும்?"

ஃபோனை வைத்துவிட்டேன். கோபம் அப்படியே இருந்தது, கை மட்டும் அந்த மூலையைத் தடவிக்கொண்டிருந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர் நல்லபடியாக எழுந்து வர வேண்டுமென்று என் அக்கா துணிக்குத் துணி விரல் வைத்திருக்கிறாள். இவளை என்ன சொல்லித் திட்டுவது?

சாயங்காலம் தொற்றுத் தடுப்பு டாக்டரையும் சர்ஜனையும் ஒரே அறையில் பிடித்து உட்கார வைத்தேன். கேன்டீனிலிருந்து லிமாவ் கஸ்தூரி வாங்கி வந்திருந்தேன், ஐஸ் தேத்தண்ணியில் பிழிவார்களே, அந்தச் சின்ன எலுமிச்சை. கறை மேல் பிழிந்தேன். செம்மண் நிறம் அவர்கள் கண் முன்னாலேயே மஞ்சளாக மாறியது. மேலே சோப்புத் தண்ணீர் விட்டேன், திரும்பவும் சிவந்தது. மறுபடியும் பிழிந்தேன், மறுபடியும் மஞ்சள். டாக்டர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "குன்யிட்!" என்றார், மஞ்சளுக்கு மலாயில் அதுதான் பெயர். கறி வைத்த பிளாஸ்டிக் டப்பாவெல்லாம் தன் வீட்டிலும் மஞ்சள்தான் என்றார். சர்ஜன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆரத்தித் தண்ணி பட்டு என் கல்யாண வேட்டியே போச்சு சிஸ்டர். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

சிரித்ததோடு விட்டுவிடுவார்கள் என்று பார்த்தால், டாக்டர் அம்மா சட்டத்துக்குத் திரும்பினார். மஞ்சளோ எதுவோ, கறை கறைதான். நாளைக்கு நிஜமான ரத்தக்கறை ஒன்று துவைத்தும் போகாமல் வந்தால், அதையும் மஞ்சள் என்று யாராவது நினைத்துவிடலாம். அதனால் கறையுள்ள ஒரு துணியும் உள்ளே வரக்கூடாது. மொத்தமும் போனால் இன்னொரு வாய்ப்பு தருகிறேன் என்றார். நியாயமான பேச்சு. சர்ஜன் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்.

"இந்தக் கதை ஊர் பூரா பரவிருச்சு. துணி விஷயம் தெரிஞ்சு, சரின்னு சொல்ற பேஷன்ட் யாராவது இருந்தா சொல்லுங்க, செய்றேன். யாருக்கும் தெரியாம நான் செய்ய மாட்டேன்."

மஞ்சள் கறையை எது எடுக்கும் என்று நமக்குத் தெரியாதா? வெயில். துவைத்து எலுமிச்சை போட்டு அலசி, நல்ல வெயிலில் காயப்போட்டால் தானாக வெளுத்துவிடும். ஆனால் மருத்துவமனையில் எல்லாம் இயந்திரத்தில்தான் காய்கிறது. நான் மொட்டை மாடியில் கொடி கட்ட அனுமதி வாங்கினேன். கொடி கட்டியாயிற்று, வெயிலைக் காணோம்! காய வேண்டிய மாதத்தில் மேகம் கறுத்துக்கொண்டு நின்றது. மத்தியானம் ஆனால் போதும், கொட்டும். துணியை ஓடிப்போய் எடுப்பதும் திரும்பக் கொண்டுபோய்ப் போடுவதுமாக என் ஓய்வு நேரமெல்லாம் போயிற்று. எந்த மழையை நினைத்து இந்த வேலையைத் தொடங்கினேனோ, அதே மழை என் தலைமேல் நின்று வேடிக்கை காட்டியது. "வா, நீயும் வந்து கெடு" என்று வானத்தைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன்.

கடைசியில் இரண்டு நாள் வெயில் அடித்தது. இரண்டாம் நாள் அக்கா ரயிலேறி வந்துவிட்டாள், பை நிறையத் துணிக் கிளிப்போடு. மொட்டை மாடியில் பச்சைத் துணிகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. அவள் ஒவ்வொரு மூலையாகப் பிடித்துப் பார்த்தபடி கொடிக்குக் கொடி நடந்தாள். கறைகள் வெளுத்துவிட்டன, எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது.

"இனிமே துணிக்கு வைக்கலேடி. துணி கொண்டார்ற பைக்கு வெச்சுக்கிறேன். சாமிக்குத் தெரியும்."

"சரிக்கா."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கே? அதான் போயிருச்சே."

சொன்னேன். வார்டில் நானே கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டுவிட்டேன். தமிழர், சீனர், மலாய்க்காரர், எல்லாரிடமும். சுத்தமானது, நீராவியில் வேக வைத்தது, புயல் மழைக்கும் வெள்ளத்துக்கும் நம்மால் முடிந்த சின்ன காரியம் என்று விளக்கினேன். எல்லாரும் நல்ல முறையில்தான் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும் சிஸ்டர், எனக்குப் புதுசே போட்டுருங்க" என்றார்கள். நாளைக்கு அறுவை என்று படுத்திருப்பவரிடம் அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவது? எவரையும் குறை சொல்ல முடியவில்லை. ஒருவர் கூடச் சரி சொல்லாவிட்டால் இத்தனை துணியும் அலமாரியிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரி அழுதால் பார்க்கச் சகிக்காது. அக்கா என்னைப் பார்க்காமல், ஒரு கிளிப்பைக் கழற்றித் திரும்ப மாட்டினாள்.

"என் மேல போடு."

"என்ன?"

"கல்லு எடுக்கணும்ல. என் மேல போடு."

"உனக்குத்தான் பயமாச்சே!"

"பயம் இருக்கு. இருந்தா என்னா? நான் தைச்ச துணிய நானே நம்பலேன்னா, வேற யாருடி நம்புவா?"

தீபாவளியும் தைப்பூசமும் கல்யாண மாதமும் செய்யாததை ஒரு துணி செய்துவிட்டது. அவள் மனசு மாறுவதற்குள் கையைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்துக்கொண்டு போனேன். சர்ஜன் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, சிஸ்டர் மிரட்டிக் கூட்டிட்டு வந்தாங்களா?"

"அவ மிரட்டுனா நான் பயந்துருவேனா? நான்தான் சொன்னேன், டாக்டர். எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன்."

அறுவை நாள் காலையில் அக்கா தியேட்டர் வாசலில் தள்ளுகட்டிலில் படுத்திருந்தாள். தோடு, வளையல் எல்லாம் கழற்றியதில் முகமே சின்னதாகத் தெரிந்தது. கை சில்லென்றிருந்தது. என் விரலைப் பிடித்து நெரித்தாள். சொந்த அக்காவுக்கு நான் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்று சர்ஜன் முன்பே சொல்லிவிட்டார். சரியென்று ஒத்துக்கொண்டேன். ஆனால் துணிக்கட்டை மட்டும் நான்தான் பிரிப்பேன் என்றேன். அதற்கு அவர் எதிர்ப்புச் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்திருப்பார்.

அவள் தூங்கிய பிறகு கட்டைப் பிரித்தேன். நான்கு மூலையும் பளிச்சென்று இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, என் சின்ன நர்ஸ் ஒருத்தி அவற்றை வாங்கி அக்காவின் நெஞ்சுக்குக் கீழே ஒன்று, இடுப்புக்குக் கீழே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று விரித்தாள். அக்கா காணாமல் போய், அவள் தையல் மட்டும் தெரிந்தது. எத்தனையோ அறுவை பார்த்தவள் நான், அன்றைக்கு அங்கே நிற்க முடியவில்லை. துணியில் ஏதாவது பிழை இருந்து, அதனால் என் அக்காவுக்கே ஒரு காய்ச்சல், ஒரு சீழ் வந்தால்? வெளியே வந்து, தேத்தண்ணி போடுகிற சின்ன அறையில் உட்கார்ந்து, ஆறிப்போன மைலோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பத்துமலை முருகனுக்குப் பால்குடம் வேறு நேர்ந்துகொண்டேன்.

சர்ஜன் முகமூடியை இறக்கிக்கொண்டு வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"கல்லு எடுத்தாச்சு. நல்லா இருக்காங்க."

மைலோ கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

"சிஸ்டர், துணி வழுக்கவே இல்லே. தண்ணி ஒரு சொட்டு உள்ள இறங்கலே. நாளைக்கு லிஸ்டுக்கும் இதையே வைங்க. பேஷன்ட்கிட்ட நானே பேசிக்கிறேன்."

இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் எதையாவது பாராட்டி நான் கேட்டதில்லை. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. "நான் அப்பவே சொன்னேன்ல, டாக்டர்" என்றேன். பெருமையில் எனக்கு மரியாதை மறந்துவிடும். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்காவுக்குக் காய்ச்சலும் வரவில்லை, சீழும் பிடிக்கவில்லை. மறுநாளே வீட்டுக்குப் போனாள். அவர்கள் மேல் போடப்போகிற துணியைத் தைத்தவளே முதலில் அதற்குக் கீழே படுத்தாள் என்று சர்ஜன் ஒவ்வொரு நோயாளியிடமும் சொல்ல ஆரம்பித்தார். கேட்டவர்கள் சரி என்றார்கள். இப்போது மற்றத் தியேட்டர்களும் துணி கேட்கின்றன, அக்கா கடையில் இன்னொரு மெஷின் போட்டிருக்கிறாள். எங்கள் தியேட்டரில் மஞ்சள் பைகள் முன்பு மாதிரி நிரம்புவதில்லை. வெளியே இருக்கிறவர்களுக்கு அது தெரியாது, ஆனால் கட்டுகிற என் கைக்குத் தெரியும்.

ஆனால் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது அன்றைக்கு அவள் கண் விழித்த நேரம்தான். மயக்கம் தெளிகிற அறையில் அவள் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். இமை பிரிந்தது. உதடு காய்ந்திருந்தது. கல்லைக் கேட்பாள், வலிக்கிறது என்பாள் என்று குனிந்தேன்.

"கறை பட்டுச்சா?"

"இல்லேக்கா. நாலு மூலையும் பளிச்சுன்னு இருந்துச்சு. மஞ்சள் சுத்தமா போயிருச்சு."

"அதக் கேக்கலேடி. என் ரத்தம்."

"கொஞ்சம்தான்க்கா. ஒரு ஓரத்துல."

அவள் தலையைத் தூக்கப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"மொதல்ல பச்சத் தண்ணியில ஊறப் போடு. சுடுதண்ணி ஊத்திறாத, கறை உக்காந்துரும். நாளைக்கு இன்னொரு ஆளுக்கு வேணும்ல."

சரிக்கா என்றேன்.